புதுப்பிப்பு: ஜிப்ஸிக்கு லாக்கர் போட்டாச்சு

போன மாதம் கேட்டிருந்தேன்: என் மாருதி ஜிப்ஸி ஜீப்பின் பின் ஆக்ஸிலுக்கு எல்எஸ்டியா (ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றுவதை ஓரளவு கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்), லாக்கரா (இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிச் சுற்றவைப்பது)? லாக்கர் என்றால் தானாகப் பூட்டும் ஆட்டோ லாக்கரா, பட்டனை அழுத்தினால் கம்ப்ரஸர் காற்றில் பூட்டும் ஏர் லாக்கரா? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கடைசியில் ஏர் லாக்கர்.

எல்எஸ்டி சேற்றுக்குச் சரி. ஆனால் என் சிக்கல் வேறு. லீஃப் ஸ்பிரிங் வண்டி, பள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். கிளட்ச் வகை எல்எஸ்டி அப்போது தரையில் இருக்கும் சக்கரத்துக்குக் கொஞ்சம்தான் இழுவை கொடுக்கும். ஆட்டோ லாக்கர் விலை குறைவு, கம்ப்ரஸர் தேவையில்லை. ஆனால் வீல்பேஸ் (முன், பின் சக்கர இடைவெளி) குட்டையான வண்டியில், மழை நேரக் கொண்டை ஊசி வளைவில் பின்பக்கம் தானாக லாக் ஆவதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

ஞாயிறு காலை பாறைத் தடத்தில் சோதித்தேன். இடது பின்சக்கரம் முழங்கால் உயரம் தூக்கிக்கொண்டு சும்மா சுற்றியது. பட்டனை அழுத்தினேன், 'டக்'. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கவே வேண்டாம், ஐடிலிலேயே ஏறிவிட்டது. லாக் போட்டால் வண்டி திரும்ப அடம்பிடிக்கும், ஏறியதும் அணைத்துவிடுங்கள்.

ஒரே குறை: லாக்கருக்குப் போகும் காற்றுக் குழாயைச் சூடாகும் சைலன்ஸர் பக்கமாகக் கொண்டுபோய்விட்டார் மெக்கானிக். மாற்றிக் கட்டினேன். முன் ஆக்ஸில் இப்போதைக்கு லாக்கர் இல்லாமல் ஓப்பன்தான், பர்ஸும் காலி.