வத்தலில் அஃப்ளடாக்சின்: கரிசல் காட்டு மிளகாய்க்குச் சூரிய கூடார உலர்த்தி எப்படி அமைப்பது?

கரிசல்வத்தல் (கேள்வி)

சங்கரன்கோவில், குருவிகுளம் பக்கம் கரிசலில் விளையும் சம்பா மிளகாய். தை கடைசியில் தொடங்கிப் பங்குனி வரை பழம் எடுப்பு. ஒரு பறிப்புக்கு 100 கிலோ பழம் வரும். இப்போது களத்தில்தான் காய்கிறது. காய 10 முதல் 14 நாள். கடைசியாகக் கொடுத்த மாதிரியில் அஃப்ளடாக்சின் (பூசணம் உண்டாக்கும் நச்சு) பி1 என்ற வகை 11, எல்லா வகையும் சேர்த்து மொத்தம் 13 பிபிபி (நூறு கோடியில் 13 பங்கு) என்று அறிக்கை. உள்ளூர் வியாபாரி எடுத்துக்கொள்கிறார், ஏற்றுமதிக்கு வாங்குகிறவர் வேண்டாம் என்கிறார். வத்தல் நல்ல சிவப்பு, மேலே பூசணம் எதுவும் தெரியவில்லை.

6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் ஒரு கூடார உலர்த்தி போடலாம் என்று எண்ணம். 100 கிலோவுக்கு அது போதுமா? ஃபேன் எத்தனை? ராத்திரி என்ன செய்வது? லேப் இல்லாமல் காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பறித்த பழத்தை இரண்டு நாள் சாக்கு மூடிக் குவித்துப் பழுக்கவைக்கும் வழக்கத்தைத் தொடரலாமா?

பொதிகைக்காற்று

அளவு போதும். கணக்கைப் பார்த்தால் ஃபேன் அளவும் அதிலேயே வந்துவிடும்.

பழத்தில் 75 சதவீதம் தண்ணீர் என்று வைத்தால் 100 கிலோவில் காய்ந்த சரக்கு 25 கிலோ. 10 சதவீத ஈரத்துக்கு வரும்போது எடை 28 கிலோ. ஆக 72 கிலோ தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 2.4 மெகாஜூல், மொத்தம் 173 மெகாஜூல், அதாவது 48 யூனிட். நம் பக்கம் கோடையில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5.5 யூனிட் வெயில் கிடைக்கும் என்றால் 24 சதுர மீட்டரில் 132 யூனிட் விழுகிறது. கூடாரம் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் உலர்த்தப் பயன்படுத்தும்: 26 யூனிட். கணக்குப்படி இரண்டு நாள். நடைமுறையில் மூன்றரை, நான்கு நாள் வையுங்கள். முதல் இரண்டு நாளில் தண்ணீரின் பெரும்பகுதி போய்விடும். மீதி தோலுக்கு உள்ளிருந்தும் விதையிலிருந்தும் மெல்லத்தான் வரும், வெப்பத்தைக் கூட்டினாலும் அது அவசரப்படாது.

பலரும் தவறுவது காற்றில். உள்ளே 60 டிகிரி காட்டுகிறது என்று சந்தோஷப்பட்டுக் கதவைச் சாத்தி வைப்பார்கள். ஆவி வெளியேறாவிட்டால் உள்ளே நடப்பது உலர்த்தல் இல்லை, அவியல். 32 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள வெளிக்காற்று 55 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 18 சதவீதமாக இறங்கும். தண்ணீரை உறிஞ்சும் சக்தி அங்கேதான் பிறக்கிறது. உறிஞ்சியதைச் சுமந்துகொண்டு அது வெளியே போயாக வேண்டும். முதல் நாள் மணிக்கு 5 கிலோ தண்ணீர் போக வேண்டுமென்றால் மணிக்கு 700 கன மீட்டர் காற்று நிஜமாகவே நகர வேண்டும். பூச்சி வலை போட்டால் ஃபேனில் எழுதியிருக்கும் அளவு கிடைக்காது. அதனால் இரண்டு ஃபேன் போடுங்கள், இரண்டும் சேர்ந்து மணிக்கு 1,200 கன மீட்டர் எழுதியிருக்கும் 12 வோல்ட் டிசி ஃபேன்களாக எடுங்கள். 50 வாட் சோலார் பேனல் போதும். வெயில் ஏற ஏற ஃபேனும் வேகமெடுக்கும், பேட்டரி வேண்டாம். ஒன்று கவனிக்க: 12 வோல்ட் பேனல் சுமையில்லாமல் 21, 22 வோல்ட் வரை காட்டும். பிரஷ்லெஸ் ஃபேனை நேரடியாக அதில் மாட்டினால் உள்ளிருக்கும் போர்டு போய்விடும். நடுவில் 12 வோல்ட்டுக்கு இறக்கும் ஒரு பக் கன்வர்ட்டர் கட்டாயம்.

காற்று நுழையும் வழி ஒரு முனையில் தரையை ஒட்டி, ஃபேன் எதிர் முனையில் உச்சிக்குச் சற்றுக் கீழே. வெளியேறும் காற்றில் ஈரப்பதமானியை வையுங்கள். முதல் நாள் நண்பகலில் 60 சதவீதத்துக்கு மேல் காட்டினால் காற்று பற்றவில்லை. முதல் நாளே 25க்குக் கீழ் என்றால் சூட்டை வீணாக வெளியே தள்ளுகிறீர்கள். மூன்றாம் நாள் ஒரு ஃபேனை நிறுத்திவிடலாம். உள்வெப்பம் 60 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள், தாண்டினால் சிவப்பு கருக்கத் தொடங்கும்.

கட்டுமானத்தில் முக்கியமானவை மட்டும். உச்சியை அரைவட்டமாக வளைக்காமல் கூம்பாக வையுங்கள். ராத்திரி பாலித்தீன் கூரை வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோகும், உள்பக்கம் நீர் கோர்க்கும். அரைவட்ட உச்சியில் அது சொட்டுச் சொட்டாக வத்தல்மேல் விழும். கூம்பில் வழிந்து ஓரத்துக்குப் போகும். 200 மைக்ரான் யுவி பாலித்தீன், அலுமினியச் சேனலில் ஜிக்ஜாக் ஸ்பிரிங் போட்டுப் பிடிக்க வேண்டும். ஆணி அடித்தால் முதல் ஆடிக்காற்றிலேயே கிழியும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்றுக்குக் குறுகிய முனையைக் காட்டும்படி நீளத்தைக் கிழக்கு மேற்காக வையுங்கள். நாம் 9 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் எந்தத் திசையில் வைத்தாலும் வெயிலில் பெரிய வித்தியாசம் இல்லை, காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். தளத்துக்குக் கான்கிரீட் போடும் முன் அடியில் ஒரு பாலித்தீன் விரியுங்கள். கரிசல் மண் ஈரத்தை மேலே விட்டுக்கொண்டே இருக்கும். தளத்துக்குக் கறுப்பு அடியுங்கள்.

தட்டு தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில், உணவுத்தர வலை. நடுவில் 80 செ.மீ. நடைபாதை விட்டால் தட்டுப் பரப்பு 19 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 5 கிலோவுக்குச் சற்று மேல், ஒற்றை அடுக்கு. அதற்குமேல் அடுக்காதீர்கள்.

வேளாண் பொறியியல் துறையில் சூரிய கூடார உலர்த்திக்கு மானியத் திட்டம் உண்டு. வேலையைத் தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

ஆய்வுக்கூடத்தார்

நச்சுப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

உங்கள் அறிக்கை நம் நாட்டு வரம்புக்குள்தான் இருக்கிறது. மசாலாப் பொருள்களுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) வரம்பு மொத்தம் 30 பிபிபி. ஐரோப்பாவில் மிளகாய்க்கு பி1 5, மொத்தம் 10. அதனால்தான் ஒருவர் எடுக்கிறார், ஒருவர் மறுக்கிறார். நம் வீட்டுக் குழம்புக்குப் போகிற வத்தலுக்கும் 5ஐயே குறியாக வைத்து உழைக்க வேண்டும் என்பது என் கருத்து. இது கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமென்று ஐயமின்றி நிறுவப்பட்ட பொருள். மிளகாய் நம் சாப்பாட்டில் தினமும் இருக்கிறது.

மேலே பூசணம் தெரியாததில் வியப்பில்லை. இந்த நச்சை உண்டாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் காம்படி வழியாகவோ பூச்சி துளைத்த ஓட்டை வழியாகவோ நுழைந்து உள்ளே விதைமேல் வளரும். பத்து வத்தலைக் கிள்ளிப் பாருங்கள். விதை சாம்பல் பச்சையாகவோ கறுத்தோ இருந்தால் அதுதான். ஆனால் விதை மஞ்சளாக இருந்தாலே நச்சு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இந்தப் பூசணத்துக்கு 25 முதல் 35 டிகிரி மிகவும் ஒத்துப்போகும். நம் பங்குனி ராத்திரி அந்தச் சூடுதான். பழத்தின் நீர்ச்செயல்பாடு 0.80க்கு மேல் இருக்கும்வரை (அதாவது பழத்தோடு அடைத்து வைத்த காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும்வரை) அது வளரும். கீழே இறங்கினால் நின்றுவிடும். களத்தில் பாதி காய்ந்த நிலையில் நாலைந்து ராத்திரி கிடக்கிறதே, அந்த இடைக்காலத்தில்தான் நச்சு சேர்கிறது. எத்தனை டிகிரியில் காயவைத்தோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் அந்த எல்லையைக் கடந்தோம் என்பதுதான் கணக்கு. உண்டான நச்சைப் பிறகு போக்க வழி இல்லை. கழுவினால் போகாது, திரும்ப வெயிலில் போட்டால் போகாது, வறுத்தாலும் குழம்பில் கொதித்தாலும் பெரும்பங்கு அப்படியே நிற்கும்.

ஆகவே சாக்கு மூடிக் குவிப்பதை விட்டுவிடுங்கள். குவியலின் நடுவில் சூடும் வேர்வையும் சேரும், பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்? நன்றாகச் சிவந்த பழத்தை மட்டும் பறித்து அன்றே தட்டில் ஏற்றுங்கள். செங்காய் கலந்து வந்தால் நிழலில், காற்றோட்டமான தரையில் ஒற்றை அடுக்காக இரண்டு நாள் பரப்பினால் போதும், சிவந்துவிடும். அழுகல், துளை விழுந்தது, வெளிறிய சோடை எல்லாவற்றையும் உலர்த்தும் முன்பே பொறுக்கி எறியுங்கள். சோடையைத் தனியாகக் காயவைத்துப் பொடிக்குக் கொடுப்பது மிகவும் தவறான பழக்கம். மொத்த நச்சில் பெரும்பங்கு அந்தக் கொஞ்சத்தில்தான் இருக்கும்.

மாதிரி எடுப்பதும் முக்கியம். நச்சு ஒரே சீராகப் பரவியிருக்காது. ஒரு மூட்டையின் வாயிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கொடுத்தால் வருகிற எண் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, நன்றாகக் கலந்து, நாலாகப் பிரித்துக் கழித்துக் கழித்துக் கடைசிக் கால் கிலோவைக் கொடுங்கள். அரைக்கும் முன் பிரித்தால் பயன் இல்லை. ஸ்பைசஸ் போர்டின் தர ஆய்வுக்கூடம் தூத்துக்குடியிலேயே இருக்கிறது.

கரிசல்வத்தல்

இரண்டு அண்ணாச்சிகளுக்கும் நன்றி. குவிப்பதை நிறுத்திவிடுகிறோம். ராத்திரி விஷயம் மட்டும் பிடிபடவில்லை. முதல் நாள் சாயங்காலம் பாதித் தண்ணீர் இன்னும் உள்ளே இருக்குமே, கூடாரத்தை மூடவா திறக்கவா? காய்ந்ததைக் குலுக்கிப் பார்த்து விதைச் சத்தம் கேட்டால் போதும் என்கிறார்கள், சரிதானா?

பொதிகைக்காற்று

முதல் ராத்திரி மூடவே கூடாது. ஈரம் ததும்பும் பழத்தை மூடி வைத்தால் காலையில் உள்ளே 95 சதவீத ஈரப்பதம் இருக்கும். காற்று வழிகளைத் திறந்து வையுங்கள். முடிந்தால் ஒரு ஃபேனைக் கரண்டில் ஓட்டுங்கள், 12 வோல்ட் அடாப்டர் போதும். இரண்டாம் ராத்திரியிலிருந்து வெளிக்காற்றும் பழமும் எதிர்த்திசையில் போகும்: பழம் காய்ந்திருக்கும், பின்னிரவுக் காற்று ஈரமாக இருக்கும். அப்போது வெயில் தாழ்ந்ததும் மூடிவிட வேண்டும்.

கோடை மழை வந்து இரண்டு நாள் வெயில் இல்லாமல் போனால்? அதற்கு ஒரு விறகு அடுப்பு. சீமைக்கருவேல் விறகு நம் ஊரில் தாராளம், கிலோவுக்கு 15 மெகாஜூல் தரும். ஒரு ராத்திரி 15 கிலோ தண்ணீரை எடுக்க 36 மெகாஜூல். அடுப்பும் கூடாரமும் சேர்ந்து 15 சதவீதம்தான் பயன்படுத்தும் என்று வைத்தால் 16 கிலோ விறகு. ஆனால் புகை ஒரு துளிகூட உள்ளே வரக் கூடாது. புகைக்குழாயைக் கூடாரத்துக்குள் தட்டுக்கு அடியில் நீளமாக ஓட்டி மறுபக்கம் வெளியேற்றுங்கள். குழாயின் சூடு மட்டும் காற்றுக்கு வரட்டும். புகை பட்ட வத்தலில் பென்சோபைரீன் போன்றவை படியும், ஒரு நச்சை ஒழிக்கப் போய் இன்னொன்றைச் சேர்த்த கதையாகிவிடும். மூட்டு மூட்டாக வெல்டிங் சோதித்துவிட்டுத்தான் முதல் சரக்கை ஏற்ற வேண்டும். குழாய்க்கு நேர் மேலே தட்டு வேண்டாம், அங்கே கருகும்.

களஞ்சியம்

விதைச் சத்தத்தை நம்பாதீர்கள். 14 சதவீதத்திலும் விதை குலுங்கும். தானியத்துக்கு விற்கிற ஈரமானியும் மிளகாய்க்குச் சரியான எண்ணைக் காட்டாது. நம்பக்கூடிய எளிய வழி ஒன்று இருக்கிறது.

ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டில், இறுக்கமான மூடி, உள்ளே வைக்கும் அளவுக்குச் சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி. முதலில் கருவியைச் சோதியுங்கள்: இரண்டு கரண்டி கல்லுப்பைப் பொடித்து, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு சின்ன மூடியில் வையுங்கள். உப்பு கருவியைத் தொடாமல் இரண்டையும் பாட்டிலில் அடைத்து ஒரு ராத்திரி விடுங்கள். 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் இனி எல்லா அளவிலும் 4 கழித்துக்கொள்ளுங்கள். மலிவுக் கருவிகள் அந்த அளவுக்குப் பிசகும்.

பிறகு வத்தல். எந்த மூலையில் மெதுவாகக் காய்கிறதோ அந்தத் தட்டிலிருந்து, அதிலும் தடித்த பழமாகப் பார்த்து எடுங்கள். சூடு ஆறட்டும். பாதியைக் கிள்ளிப் போட்டுப் பாட்டிலை முக்கால் நிரப்பி, கருவியோடு மூடுங்கள். விதையும் காம்பும் ஈரத்தை விட நேரமெடுக்கும், ஆகவே ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள். 60க்குக் கீழே என்றால் மூட்டை கட்டலாம். 60க்கும் 65க்கும் நடுவில் என்றால் இன்னும் அரை நாள் வெயில். 70ஐத் தொட்டால் கட்டவே கூடாது. முழு வத்தலுக்குச் சட்டப்படி ஈர உச்ச வரம்பு 11 சதவீதம். 60க்குக் கீழ் வந்த வத்தல் பொதுவாக அதற்குள் அடங்கும். விற்பனைக்குச் சதவீதக் கணக்கு வேண்டுமானால் லேபில் டொலுவீன் வடிப்பு முறையில் (டொலுவீன் திரவத்தோடு காய்ச்சித் தண்ணீரை மட்டும் பிரித்து அளப்பது) பாருங்கள். லேப் ஓவனில் காயவைத்து எடைக் குறைவைப் பார்க்கும் முறையில் எளிதில் ஆவியாகும் மற்றப் பொருள்களும் தண்ணீர்க் கணக்கில் சேர்ந்துவிடும்.

8 சதவீதத்துக்கும் கீழே போனால் வத்தல் நொறுங்கும், நெடி கிளம்பும். அதைச் சரிக்கட்ட மூட்டை கட்டும் முன் தண்ணீர் தெளிக்கிறார்கள் பாருங்கள், அதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். மேல்தோல் மட்டும் நனைந்து, மூட்டைக்கு நடுவில் ஈரம் தங்கி, நாலு நாள் உழைப்பும் அங்கேயே பூசணமாகும். நொறுங்குகிற சரக்கை ஒரு ராத்திரி தட்டிலேயே விட்டு, பின்னிரவில் காற்று வழியைத் திறந்தால் தானே பதத்துக்கு வரும். காலையில் பாட்டில் சோதனை செய்துவிட்டுக் கட்டுங்கள்.

வெறும் சணல் சாக்கில் கட்டினால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மறுபடி ஈரம் ஏறும். காற்றுப் புகாத உள்பையில் போட்டு, அதற்கு மேல் சாக்கு. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மரப்பலகை, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. குளிர்சாதனக் கிடங்கில் வைத்தால், வெளியே எடுத்த உடனே பையைப் பிரிக்காதீர்கள். குளிர்ந்த வத்தல்மேல் நம் ஊர்க் காற்று பட்டதும் வேர்க்கும். பை மூடியபடியே ஒரு நாள் இருந்து வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள்.

ஆய்வுக்கூடத்தார்

ஒன்று விட்டுப்போயிற்று. மிளகாய் முடிந்ததும் அதே கூடாரத்தில் நிலக்கடலை காயவைப்பீர்கள். தட்டு வலையைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே மாற்றுங்கள், உடைந்த பழைய வத்தல் வலைக்கண்ணில் தங்கக் கூடாது. சுருங்கிய, பூசணம் பிடித்த கடலையைச் செக்குக்கு அனுப்பாதீர்கள். நச்சு எண்ணெயைவிடப் பிண்ணாக்கில்தான் அதிகம் தங்கும். மாடு அதைத் தின்றால் பாலில் எம்1 என்ற வடிவில் இறங்கும். பாலுக்கு வரம்பு 0.5 பிபிபிதான். பொறுக்கி எடுத்த சோடையைக் குப்பைக்குழியிலும் போட வேண்டாம், பூசண வித்து அங்கிருந்து மறுபடி காட்டுக்கே போகும். எரித்துவிடுங்கள், கூடாரத்துக்குள் புகை வராத தூரத்தில்.