ஹெட் ஃபேசிங், போர்ட் பாலிஷ்: லாரி இன்ஜினில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மண்டபம் பட்டறைக்காரர்:
ஏப்ரல் 15-ல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் எங்கள் பட்டறை முழுக்க ஹெட்தான், அதாவது சிலிண்டருக்கு மேல் மூடியாக உட்காரும் பாகம். நிறைய விசைப்படகில் ஓடுவது லாரி இன்ஜின் வம்சம் என்பதால், படகுக்காரரும் லாரிக்காரரும் கேட்பது ஒன்றே: "அரை மில்லி சீவி விடுங்கண்ணே, கம்ப்ரஷன் ஏறி நல்லா இழுக்கும்."

பெட்ரோல் பைக்கில் பார்த்த பழக்கம் அது. அங்கே எரியும் குழி ஹெட்டில் இருக்கிறது, சீவினால் சுருங்கும். லாரி டீசலில் குழி பிஸ்டன் தலையில். ஹெட்டின் அடி தட்டை. சீவினால் கம்ப்ரஷன் சொல்லிக்கொள்ளும்படி ஏறாது, வால்வுதான் பிஸ்டனை நெருங்கும். டீசலைப் பீய்ச்சும் நாசில் முனையும் கூடுதலாக நீட்டிக்கொள்வதால் டீசல் குழிக்குள் விழ வேண்டிய இடத்தில் விழாது, புகை தள்ளும். சூடேறி வளைந்த ஹெட் என்றால் அடியைச் சமமாகச் சீவி ஃபேசிங் போட்டே ஆகணும், சரி. கூடவே வால்வு வந்து உட்காரும் சீட்டை ஆழப்படுத்தி, நாசிலுக்கு அடியில் தடித்த செம்பு வாஷர் வைக்க வேண்டும். சிலர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் தடித்த கேஸ்கெட் போட்டுச் சமாளிப்பார்கள். வால்வு தப்பிக்கும், கம்ப்ரஷன் இறங்கி, காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும்.

கீழக்கரை லாரிக்காரர்:
நாங்கள் வாலிநோக்கத்தில் உப்பு ஏற்றுகிறோம். கைமாறி வந்த டாரஸ் லாரியில், ஹெட்டுக்குள் காற்று போகும் வழியான இன்டேக் போர்ட்டை யாரோ கண்ணாடி மாதிரி தேய்த்து அகலமாக்கியிருந்தார்கள். பார்க்க அழகு! ஆனால் அந்தப் போர்ட்டின் வளைவுதான் காற்றைச் சுழற்றி உள்ளே அனுப்புவது. சுழல் போனதால் பாரத்தோடு மெதுவாக ஏறும்போது கரும்புகை, மைலேஜும் அடி. அதிக ஆர்பிஎம்மில் கொஞ்சம் லாபம் இருக்கலாம். உப்பு லாரி அந்த ஆர்பிஎம்மைப் பார்ப்பதே இல்லையே. வேறு ஹெட் மாற்றினேன். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கம் வார்ப்புப் பிசிறை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அதில் கெடுதல் இல்லை.

தொண்டி டிரைவர்:
எங்கள் முதலாளி இழுவைக்காக டர்போ பிரஷரையும் டீசல் பம்பின் அளவையும் ஏற்றினார். கேஸ்கெட் அடிக்கடி போகவே ஹெட்டில் பள்ளம் வெட்டி வளையம் இறக்கி, ஹெட்டை இறுக்கக் கனமான ஸ்டட் போட்டார்கள். கேஸ்கெட் நின்றது. சூடு எங்கே போகும்? இரண்டு வால்வு சீட்டுக்கு நடுவில் விரிசல். வழியில் கிடைக்கிற சாதா ஹெட்டை அப்படியே மாற்றவும் முடியவில்லை, அதிலும் பள்ளம் வெட்ட லேத்துக்கு ஓட வேண்டியதாயிற்று.

கீழக்கரை லாரிக்காரர்:
தம்பி, ஸ்டட் போடும் முன்னால் ஹெட்டில் விரிசல் இருக்கான்னு பிரஷர் டெஸ்ட் பார்த்தாங்களா?

தொண்டி டிரைவர்:
இல்லை காக்கா. விரிசல் விட்ட பிறகுதான் பார்த்தாங்க.