கோத்தகிரியில் இருந்துகொண்டே ராக் பாடகராக வாழ முடியுமா? நிறுவன ஒப்பந்தம் பற்றி ஒரு கேள்வி

கோத்தகிரி கிட்டார்

அனைவருக்கும் வணக்கம். பகலில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மற்ற நேரங்களில் தமிழில் ராக் பாடல்களை எழுதி, மெட்டமைத்து, நானே பாடுகிறேன். டிரம்ஸ் வாசிப்பவரும் பேஸ் வாசிப்பவரும் குன்னூர்க்காரர்கள். திரைப்பாடல்களைத் திருப்பிப் பாடுவதில் எங்களுக்கு விருப்பமில்லை. அதனால் கோடை விழா மேடைகளும் விடுதி நிகழ்ச்சிகளும் அரிதாகவே அமைகின்றன.

சொந்தச் செலவில் நான்கு பாடல்களைக் கோவையில் ஒலிப்பதிவு செய்திருக்கிறோம். அவற்றைக் கேட்ட ஓர் இசை நிறுவனம், மிக்ஸிங் (பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சமன்செய்யும் வேலை) செலவை ஏற்று, வீடியோவும் எடுத்து வெளியிடுவதாகக் கூறி ஒப்பந்த வரைவை அனுப்பியிருக்கிறது. பாடல் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றின் உரிமையும், உலகம் முழுவதற்கும், காலவரம்பின்றி, இன்றுள்ள ஊடகங்களுக்கும் இனி வரப்போகும் ஊடகங்களுக்கும் சேர்த்து நிறுவனத்துக்கே உரியதாகும் என்று அதில் எழுதியிருக்கிறது. எங்களுக்கு ஒரு சிறு தொகையை ஒரே தவணையில் தருவார்கள். ராயல்டி, அதாவது பாட்டு பயன்படும்போதெல்லாம் வரும் பங்குத்தொகை, பற்றி ஒரு வரிகூட இல்லை. கையெழுத்திடலாமா, அல்லது நாங்களே வெளியிடுவது நல்லதா? இந்தத் துறையில் நிலைக்க வேண்டுமானால் மலையை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வீட்டிலோ வேலையை விடவே கூடாது என்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சேரிங்கிராஸ்வாசி

தம்பி, அந்த வரைவில் இப்போதுள்ளபடி கையெழுத்திட வேண்டாம். பதிப்புரிமை ஆவணங்களைப் பார்ப்பது என் தொழிலின் ஒரு பகுதி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் ஒரு பாட்டு என்று சொல்வதில் மூன்று தனித்தனிச் சொத்துகள் அடங்கியிருக்கின்றன. வரிகள் எழுதியவருக்கும், மெட்டு அமைத்தவருக்கும், ஒலிப்பதிவு அதை முன்னின்று பொறுப்பேற்று உருவாக்கிய தயாரிப்பாளருக்கும் உரியவை. வரிகளும் மெட்டும் நீங்கள் படைத்தவை, கோவையில் ஸ்டுடியோ வாடகையைக் கொடுத்ததும் நீங்கள்தான் என்பதால் அந்த மூன்றும் இன்று உங்கள் பக்கமே இருக்கின்றன. வரிகளுக்கும் மெட்டுக்கும் உங்கள் ஆயுட்காலமும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ஆக, காலவரம்பின்றி எழுதிக்கொடுப்பது என்றால் உங்கள் பேரப்பிள்ளைகளின் பங்கையும் சேர்த்து எழுதிக்கொடுப்பதாகும்.

உரிமை மாற்றப் பத்திரத்தில் கால அளவு குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ள வேண்டும் என 19ஆம் பிரிவு கூறுகிறது. நிறுவனங்களின் வரைவுகளில் உலகம் முழுவதும், காலவரம்பின்றி என்ற சொற்கள் தவறாமல் இடம்பெறுவதற்குக் காரணம் இதுதான். 2012இல் வந்த திருத்தம் உங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் பயனுள்ளது. ஒலிப்பதிவில் இடம்பெறும் வரிகளையும் மெட்டையும் படைத்தவர், அவற்றின் பயன்பாட்டுக்கு வரும் ராயல்டியில் தமக்குள்ள சரிபாதிப் பங்கை, சட்டப்படியான வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு எவருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் அது செல்லாது. இனி வரப்போகும் ஊடகங்கள் என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருப்பதும் அதே திருத்தத்தின் முன் எளிதில் நிற்காது. ஆனால் நான்கு பாட்டுக்காக உயர் நீதிமன்றம் வரை சென்று இதையெல்லாம் நிலைநாட்ட உங்களிடம் பணமும் பொறுமையும் இருக்குமா என்று யோசியுங்கள். வரைவைத் திருத்துவதற்கு ஒரு மின்னஞ்சல் போதும்.

நிறுவனத்தைக் குறை சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. வீடியோவுக்குச் செலவழிப்பவர் அதைத் திரும்ப எடுக்கத்தான் பார்ப்பார். எனவே, ஒலிப்பதிவை மட்டும் 5 அல்லது 7 ஆண்டுகளுக்கு உரிமமாக (உரிமையை மாற்றாமல், பயன்படுத்தும் அனுமதியாக மட்டும்) தருகிறோம், வரிகளும் மெட்டும் எங்களுடையவையாகவே இருக்கும், வருவாயில் இத்தனை சதவீதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு என்று கேளுங்கள். பேச்சுவார்த்தை எப்படிப் போனாலும், 1969இல் தொடங்கப்பட்ட, படைப்பாளிகளுக்காக ராயல்டி வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் உறுப்பினராகிவிடுங்கள். பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. வேண்டுமானால் இசைப்படைப்புக்கு 500 ரூபாயும் ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாயும்தான் கட்டணம்.

குஞ்சப்பனை மைக்செட்

சட்டத்தை ஐயா சொல்லிவிட்டார். நான் கல்யாணம், ஊர்த் திருவிழா, இசைக்குழு என எல்லாவற்றுக்கும் சவுண்ட் கட்டுபவன்; பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீங்களே வெளியிடுவது கடினமில்லை. நம் பாட்டை இசைத் தளங்களில் ஏற்றித் தரும் இணையச் சேவைகள் இருக்கின்றன. அவற்றில் டிஸ்ட்ரோகிட் போன்றவற்றில் ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். கட்டுவதை நிறுத்தினால், தனியாகப் பணம் கட்டி வைத்திராத பாடல்கள் தளங்களிலிருந்து இறங்கிவிடும். சிடி பேபியில் ஒருமுறை செலுத்தினால் போதும். ஆனால் வரும் வருவாயில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவுக்கான ராயல்டியே கணக்கில் சேராது. அந்த எல்லையைத் தாண்டினாலும் டிரம்ஸ் தோல் மாற்றும் அளவுக்குக்கூடத் தேறாது என்பதே நான் பார்த்த பல குழுக்களின் நிலை.

வருமானம் மேடையில்தான் இருக்கிறது. 1990இல் தில்லியில் தொடங்கிய இந்தியன் ஓஷன் ராக் குழு, பெயரும் புகழும் வந்த பிறகு, 2010இல் ஓர் ஆல்பத்தின் பாடல்களை ஒவ்வொன்றாக இணையத்தில் இலவசமாகவே கொடுத்தது. பாட்டைக் கேட்டவர்கள் கச்சேரிக்கு வருவார்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. உங்கள் நான்கு பாட்டையும் அப்படித்தான் நான் பார்ப்பேன். பாதித் தொகை முன்பணமாக வராமல் வண்டி ஏறாதீர்கள். கல்லூரிகளும் நிறுவனங்களும் டி.டி.எஸ். (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடித்தால், அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பல கலைஞர்கள் அதைத் திரும்பக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

மலையில் மேடை போடுவதென்றால் வேறு சில சங்கதிகள் இருக்கின்றன. திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். ஆகையால் மாலை 6 மணிக்கே முதல் பாட்டைத் தொடங்கும்படி ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். மூடுபனி இறங்கினால் மரக் கிட்டாரின் சுருதி ஒரு பாட்டுக்குள்ளேயே நழுவிவிடும். மேடைக்குப் பின்னால் பெட்டியைத் திறந்து அரை மணி நேரமாவது வைத்திருந்து, கிட்டார் அந்தக் குளிருக்குப் பழகிய பிறகு சுருதி சேர்ப்பவர்களுக்கே நடுவில் நிறுத்த வேண்டிய நிலை வருவதில்லை. கோவையில் கச்சேரியை முடித்துவிட்டு இரவோடு இரவாகத் திரும்பும் பழக்கமும் வேண்டாம். பலாப்பழக் காலத்தில் எங்கள் குஞ்சப்பனைப் பகுதிச் சாலையில் யானை நிற்கும். ஆம்ப்ளிஃபயர் ஏற்றிய வண்டியைக் கொண்டை ஊசி வளைவில் பின்னால் எடுப்பது எவ்வளவு சிரமம் என்பது எனக்குத் தெரியும்.

செண்பகனூர்

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். மேலே சொன்ன இருவரோடும் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் மலையிலேயே இருந்துவிடலாம் என்ற தொனியோடு எனக்கு உடன்பாடில்லை. ராக் இசை தனியாக அறையில் அமர்ந்து முடிக்கும் வேலை அல்ல. பிற குழுக்களைப் பார்த்து, அவர்களுக்கு முன்னும் பின்னும் அதே மேடையில் வாசித்துத்தான் கை தேறும். மைசூரில் வளர்ந்த பாடகர் ரகு தீட்சித்துக்கு, பெங்களூருவில் பல ஆண்டுகள் வாசித்த பிறகே 2008இல் முதல் ஆல்பம் வந்தது. 2011இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா வரை சென்றார். அதே 2008இல் கேரளத்தின் அவியல் குழு முழுக்க மலையாளத்திலேயே ராக் ஆல்பம் வெளியிட்டது. தமிழில் 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவுக்கு வந்த கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். தாய்மொழியில் பாடினால் கேட்க ஆளில்லை என்ற பேச்சு எப்போதோ பொய்த்துவிட்டது. ஆனால் அந்தக் கூட்டம் நகரத்தில் இருக்கிறது.

மலைக்கு வருபவர்கள் கேட்பார்களே என்று சிலர் சொல்வார்கள். 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டியிருக்கிறது. அப்படி வருபவரும் பூங்காவையும் ஏரியையும் பார்க்க வருகிறாரே தவிர, முன்பின் கேட்டிராத பாட்டைக் கேட்க வருவதில்லை. விடுதிகளில் அவர்கள் கேட்பது பழைய திரைப்பாடல்தான். அருணாச்சலப் பிரதேசத்தின் ஜீரோ பள்ளத்தாக்கில் 2012 முதல் நடக்கும் இசைவிழாவுக்குக் கரடுமுரடான வழியில் பயணம் செய்து வருகிறார்களே என்று கேட்கலாம். அங்கே வருபவர்கள் இசைக்காகவே கிளம்பி வருபவர்கள். அப்படி ஒரு விழா நம் மலைகளில் வேரூன்றும் வரை, ஓரிரு ஆண்டுகள் பெங்களூருவிலோ சென்னையிலோ இருந்துவிட்டு வாருங்கள். வேலையை விட மனமில்லை என்றால் வார இறுதியிலாவது இறங்குங்கள். கூடலூர் வழியாகப் பெங்களூரு போவதானால் பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி கிட்டார்

மூவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னபடி உரிமம் மட்டும் தருவதாக நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன். வேலையை இப்போதைக்கு விடவில்லை. கோவையிலும் பெங்களூருவிலும் வார இறுதி மேடைகளைத் தேடப் போகிறேன். ஒரு சந்தேகம்: ஒரு பாட்டின் மெட்டில் பாதி, பேஸ் வாசிக்கும் நண்பர் போட்டது. சங்கத்தில் என் பெயரை மட்டும் கொடுத்தால் போதுமா?

சேரிங்கிராஸ்வாசி

போதாது. அந்தப் பாட்டின் மெட்டுக்கு அவரும் உரிமையாளர். அவரது சம்மதமின்றி நிறுவனத்துக்கு உரிமம் தரவும் உங்களால் இயலாது. நான்கு பாடல்களுக்கும் தனித்தனியாக, வரி யாருடையது, மெட்டில் யாருக்கு எத்தனை சதவீதம், ஸ்டுடியோ செலவை யார் எவ்வளவு போட்டார்கள் என்று ஒரே தாளில் எழுதி மூவரும் தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள். டிரம்ஸ் வாசித்தவருக்கு மெட்டில் பங்கில்லை என்றாலும், கலைஞர் என்ற முறையில் தனி உரிமை உண்டு. அதையும் அந்தத் தாளில் குறிப்பிடுங்கள். நிறுவனத்தின் பதில் வருவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். தொகை என்னவென்று தெரிந்த பிறகு சதவீதம் பேச உட்கார்ந்தால் குழு உடைந்துவிடும்.