ராஸ்டர்: ‘கட்டப்பரப்பு’ என்று வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை வைத்திருக்கும் தரவுதான் ராஸ்டர். அதற்குப் ‘படப்புள்ளித் தரவு’ என்று முந்தைய மடலில் வந்த பரிந்துரையில் எனக்கு உடன்பாடில்லை. கேமரா படத்தில் பிக்சலைப் படப்புள்ளி என்பது சரிதான். மழைக்கு அது ஒத்துவராது. காவிரி டெல்டாவுக்கான சிர்ப்ஸ் (CHIRPS) என்ற செயற்கைக்கோள் வழி மழைத் தரவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1981 முதல் கிடைக்கிறது. 0.05 பாகைக்கு ஒரு கட்டம், அதாவது நம் பக்கத்தில் நீளமும் அகலமும் ஏறக்குறைய ஐந்தரை கிலோமீட்டர். சுமார் 30 சதுர கிலோமீட்டருக்கு ஒரே எண்! ஐமெர்க் (IMERG) என்ற இன்னொரு செயற்கைக்கோள் மழைத் தரவில் ஒரு கட்டத்தின் பரப்பு இதைப்போல் நான்கு மடங்கு. இதைப் ‘புள்ளி’ என்று எழுதினால், மன்னார்குடிப் பக்கத்து விவசாயி தன் வயலில் பெய்த மழை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

அதனால் ராஸ்டரைக் ‘கட்டப்பரப்பு’ என்றும், அதிலுள்ள செல்லைக் ‘கட்டம்’ என்றும் சொல்லலாம் என்பது என் கருத்து. கட்டப்பரப்பில், கட்டப்பரப்பிலிருந்து என்று வேற்றுமை உருபும் சிக்கலில்லாமல் ஏறுகிறது. ‘கட்டம்’ ஜாதகத்தை நினைவூட்டுகிறது என்றார் ஒருவர். நினைவூட்டட்டுமே. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஏதோ ஒன்று எழுதியிருக்கும் என்பது அங்கேயே நமக்குப் பழகிவிட்டது.

இந்தத் தரவை யாரும் படிக்கக்கூடிய வாசகமாக மாற்றும்போது சொல்லின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். ஆர் (R) என்ற நிரல்மொழியில் டெர்ரா (terra) தொகுப்பின் ராஸ்ட் (rast) கட்டளை கட்டப்பரப்பைத் திறக்கும். பிர்கா எல்லைகளைக் கொடுத்தால் எக்ஸ்ட்ராக்ட் (extract) கட்டளை மதிப்புகளை எடுத்துத் தரும். அப்புறம் பேஸ்ட் (paste) கட்டளையால் ‘இந்தப் பிர்காவில் கார்த்திகை மாதச் சராசரி மழை இவ்வளவு மில்லிமீட்டர்’ என்று கோத்துவிடலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நாம் எதுவும் சொல்லாவிட்டால், நடுப்பகுதி எல்லைக்குள் விழும் கட்டங்களை மட்டுமே எக்ஸ்ட்ராக்ட் எடுக்கும். பிர்காவுக்குள் சில கட்டங்கள்தான் வரும் என்பதால் ஓரத்தில் ஒன்று விடுபட்டாலே சராசரி மாறிவிடும். எக்ஸாக்ட் (exact) என்ற தேர்வைக் கொடுத்தால் ஒவ்வொரு கட்டமும் எத்தனை பங்கு உள்ளே இருக்கிறது என்று கணக்கில் வரும். இதற்குப் ‘பரப்புப் பங்கு’ என்ற சொல் போதும்.

வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் வேறொரு சிக்கல். சிர்ப்ஸ் நிலத்துக்கு மட்டுமே மழை தருகிறது. கடல்மேல் -9999 என்று இருக்கும். அது மழை அளவல்ல, தரவு இல்லை என்பதற்கான குறி என்று ஆர் மொழிக்குச் சொல்லாமல் விட்டால் சராசரி மழை எதிர்ம எண்ணாக வரும். இத்தகைய கட்டத்தை ‘வெற்றுக்கட்டம்’ என்று அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வெற்று என்றால் மழையே இல்லை, சுழியம் என்று பொருள்கொள்ள இடமிருக்கிறது. மழை பெய்யாததும் தரவு இல்லாததும் ஒன்றல்ல. சம்பா பயிர் நிற்கும்போது இதில் குழப்பம் வரவே கூடாது. ‘தரவிலாக் கட்டம்’ நீளம்தான், ஆனால் தெளிவானது.

நிலப்படத் தரவின் இன்னொரு வகையான வெக்டரைத் ‘திசையன்’ என்பது இயற்பியலுக்குப் பொருந்தும். நிலப்படத்தில் அது பிர்கா எல்லை, வெண்ணாற்றின் கோடு, மழைமானி இருக்கும் இடம். ‘வடிவத்தரவு’ என்று தற்போதைக்கு எழுதுகிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் அனுப்புங்கள், மாற்றிக்கொள்கிறேன்.