மகளோடு தமிழில் பேச ஒரு உளவளத்துணையாளர் வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகளுக்கு 15 வயது. மேல்மாடியில் இருந்த பிள்ளையை அவள் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அக்காதான். இரண்டு பேரும் ஒரே வான் வண்டியில் பள்ளிக்கூடம் போய் வந்தவர்கள். அக்காவுக்கு முழங்காலில் எலும்புப் புற்றுநோய், வளரும் வயதில் கூடுதலாக வருகிற வகை. மகரகமவில் சிகிச்சை நடந்தது. நுரையீரலுக்குப் பரவிவிட்டது. போன மாதம் எங்களை விட்டுப் போய்விட்டாள்.

மகள் அழவில்லை. வட்ஸ்அப்பில் அக்கா அனுப்பிய குரல் பதிவுகளைக் காதில் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். சோறு குழைத்துக் கொடுத்தாலும் இரண்டு வாய்தான். "கூடப்பிறந்தவளா என்ன?" என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்ட நாளிலிருந்து அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசி உதவி இலக்கம் இருக்கிறது, சரி. ஆனால் இவளுக்கு முன்னால் இருந்து ஆறுதலாகத் தமிழில் கதைக்கிற ஒருவர் வேண்டும். பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் இந்த வயதுப் பிள்ளைகளைப் பார்க்கிற பெண் உளவளத்துணையாளர் யாரையாவது தெரியுமா? மற்றது, அடுத்த கிழமை அக்காவின் அந்தியேட்டி, செத்து ஒரு மாதமளவில் செய்கிற கிரியை. அவளைக் கூட்டிப் போகவா, வீட்டில் விடவா? இப்படி ஒரு பிள்ளையை வைத்துப் பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.