பள்ளிச் சுவரில் ஆவுளியா வரையணும்: உப்பு பூக்குற சுவருக்கு என்ன வழி?

பாசிக்கரை டீச்சர்:
மண்டபம் பக்கம் கடலோரப் பள்ளி. சுவர் 30 அடி நீளம், 8 அடி உயரம். ஆவுளியாங்கிற கடல்பசுவைக் காப்பாத்தணும்னு ஊருக்குச் சொல்ற மாதிரி எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரையப் போறாங்க. அடிச்சுவர் உப்பு பூத்துப் பொரியுது. எந்த பெயின்ட், எவ்வளவு வாங்கணும்?

சுண்ணாம்புச் சட்டி:
டீச்சர், முதல்ல ஈரம் பாருங்க. ஓரடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்க. உள்பக்கம் வேர்த்திருந்தா பெயின்ட் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். பூத்த உப்பைக் கழுவாதீங்க, கரைஞ்சு மறுபடி சுவருக்குள்ளேயே போயிரும். காய்ஞ்ச சுவரைக் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சுத் துணியால துடைங்க.

கீழே 2 அடிக்குப் படம் வேண்டாம், வெறும் சுண்ணாம்பு போதும். அதுல ஈரம் வெளியேறும். எமல்ஷன் (தண்ணி கலந்து அடிக்கிற பெயின்ட்) போட்டு மூடினா ஈரம் மேலே ஏறி, படத்துக்குப் பின்னாடி பொரிஞ்சு பொருக்குப் பொருக்காக் கொட்டும். ஆயில் பெயின்ட் இன்னும் மோசம்.

மிச்சம் 180 சதுர அடி. எக்ஸ்டீரியர் பிரைமர் 2 லிட்டர், வெளிச்சுவர் எமல்ஷன் வெள்ளை 4 லிட்டர் ரெண்டு கோட்டுக்கு. ஆழ்நீலத்துக்கு வெள்ளையில ஸ்டெய்னரை (நிறம் ஏத்துற கலவையை) கொட்டாதீங்க, அளவு மீறினா காயாம கையில ஒட்டும். கடையிலேயே கலந்த நீலம் 1 லிட்டர் வாங்கிக்கங்க. பளிச் சிவப்பும் மஞ்சளும் வெயில்ல வெளுத்துரும், காவி நிற்கும். மாசி, பங்குனியில, சுவர் சுடுறதுக்கு முன்னாடி காலையில முடிங்க.

கச்சான் காத்து:
பெயின்டை விட வால் முக்கியம். இணையத்துல தேடினா பாதிப் படம் மானட்டியா (இதே மாதிரி இருக்கிற வேற கடல் விலங்கு) இருக்கும், அதுக்கு வால் வட்டத் துடுப்பு. ஆவுளியாவுக்கு ஓங்கில் (டால்பின்) மாதிரி பிளந்த வால். தப்பா வரைஞ்சா மீன்பிடிக்கிற அப்பாமார் சிரிச்சுட்டுப் போயிருவாங்க, அப்புறம் சொல்ல வந்த சேதி எங்கே நிற்கும்? வாய் கீழ் நோக்கி, மேயுறது கடல்புல். பாசியை வாயில வச்சிராதீங்க. பாசி எடுக்கப் போற அம்மாமாரைக் குத்துற மாதிரி ஆயிரும். வலைக்காரரை வில்லனாக்கவும் வேண்டாம். வலையை அறுத்து விடுற கையை வரையுங்க.

2022 செப்டம்பர்ல அறிவிச்ச 448 சதுர கி.மீ. கடல்பசு காப்பகம் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டினது. நம்ம ராமநாதபுரம் மாவட்டம்னு எழுதிராதீங்க. அப்புறம், பள்ளி மேலாண்மைக் குழுவில தீர்மானம் போட்டுருங்க. இல்லேன்னா அடுத்த வெள்ளையடிப்புல படம் போயிரும்.

பாசிக்கரை டீச்சர்:
அளவு? சின்னப் படத்தைப் பெருசாக்கத் தெரியலையே.

சுண்ணாம்புச் சட்டி:
நிஜ அளவே போடுங்க, வளர்ந்தது ஏறக்குறைய 9 அடி. பிள்ளைங்க பக்கத்துல நின்னு அளந்து பார்ப்பாங்க. தாள்ல ஓரங்குலக் கட்டம், சுவர்ல ஓரடிக் கட்டம். நூல்ல சாக்பீஸ் பொடி தடவி அடிங்க. கரி வேண்டாம், வெள்ளையில கலந்து அழுக்காக்கும். ஒரு கட்டத்துக்கு ஒரு பிள்ளை, ஆனா கண்ணும் மூக்கும் ஒரே கை வரையட்டும்.