புதுப்பிப்பு: பைக் பெட்டிகளுக்கும் இனி வண்டிச் சாவிதான்

வண்டிக்கு ஒரு சாவி, பக்கப் பெட்டிகளுக்கு வேறு சாவி. எல்லாவற்றையும் இக்னிஷன் சாவியாலேயே திறக்க வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். உண்டு. குன்னூரில் பூட்டு சாவி பார்க்கும் அண்ணன் ஒருவர் முடித்துக் கொடுத்துவிட்டார்.

வண்டிச் சாவி பெட்டிப் பூட்டுக்குள் முழுசாக நுழைகிறதா என்றுதான் முதலில் பார்த்தார். சாவியின் பக்கவாட்டுப் பள்ளம் பொருந்தாவிட்டால் பூட்டையே மாற்ற வேண்டியதுதான். எனக்கு நுழைந்தது. அப்புறம் துணியை விரித்து, பூட்டுக்குள் சாவியோடு சேர்ந்து திரும்பும் உருளையை, அதாவது சிலிண்டரை, உருவினார். உள்ளே வரிசையாக மெல்லிய பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் முடி மாதிரி ஒரு ஸ்பிரிங். துணி எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. தும்மினால் போதும், ஸ்பிரிங் பறந்துவிடும். வண்டிச் சாவியைச் செருகியதும் சில தகடுகள் துருத்திக்கொண்டு நின்றன. அப்படி நின்றால் சிலிண்டர் திரும்பாது. ஒன்றுக்கொன்று இடம் மாற்றியதில் பாதி படிந்துவிட்டது. மிச்சத்தைப் பொடி அரத்தால் ராவி மட்டமாக்கினார்.

“ரொம்ப ராவினா கண்ட சாவிக்கும் தெறந்துக்கும் தம்பி” என்றார். அதனால் இடம் மாற்றுவதில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு முடிப்பதே நல்லது.

கிரீஸ் தடவலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம், தூசி அப்பிக்கொள்ளும். கிராஃபைட் பொடி போதும். நம்ம ஊர் ஐப்பசி மழைக்குப் பூட்டுத் துளையை மூடி வைப்பதும் அவசியம்.

சாவி தொலைந்தால் எல்லாமே போச்சு என்பது உண்மைதான். ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். வண்டி அடையாளம் காணும் சிப் உள்ள சாவி என்றால், சும்மா வெட்டிய நகல் பெட்டியைத் திறக்கும், வண்டியைக் கிளப்பாது.